பெட்டியும் படியும்

எதிர்க்கட்சி ஆசனத்திற்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதில் அமர்ந்தவருக்கு வாக்கு எண்ணும் முறையில் ஐயம் பிறக்கும். அங்கத்தவர் பெறும் படிகளில் வெறுப்புத் தோன்றும். அவரே மறுபக்கத்து ஆசனத்திற்கு மாறிவிட்டால் அவ்விரண்டும் நீங்கிவிடுவதைப் பல தேசங்களிற் காண்கிறோம். ஐயப்படுவது தவறென்று நாம் கூறவில்லை. ஆசனத்தோடு கொள்கையும் மாறுவதே ஆராயத்தக்கது.

அயல்நாடாகிய பாரதத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்துப் பரவூர்த் தொகுதியிலே 1982ஆம் ஆண்டு, 50 வாக்குச் சாவடிகளில் மின்னணு வாக்கு இயந்திரம் முதன்முதல் வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லையென உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. 1989இல் சட்டம் திருத்தப்பெற்றது. நம் மாணவர்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தாளர் சுஜாதா, அவ்வியந்திரத்தை ஆக்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியியலாளருள் ஒருவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

2001ஆம் ஆண்டில் அ.தி.மு.க. இயந்திரத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றஞ் சென்று தோற்றது. அவ்வாண்டு மே மாதம் இயந்திரத்தின் மூலமே நடைபெற்ற சட்டசபைத் தேர்தலில் வென்றது. 2009இல் தோல்வியுற்ற பாரதீய ஜனதாக் கட்சியின் அத்வானி, மீண்டும் வாக்குச் சீட்டு வேண்டுமென்றார். 2014இன் பின்னர் அக்கட்சி ஆட்சியிலிருக்க, காங்கிரசார் அதே ஐயத்தை எழுப்பினர். இயந்திரம் மாறவில்லை, ஆசனங்களே மாறின!

ஆயின், ஐயத்தை எழுப்பியவர் யாரென்பதைக் கொண்டு அதனைத் தள்ளிவிடலாமா? ஆகாது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சு மாதத்தில் ஒரு தெளிவான நெறியை வகுத்தது. தேர்தலின் முக்கியமான படிமுறைகளை, விசேட அறிவில்லாத சாதாரண குடிமகனும் சோதித்தறியக் கூடியதாயிருத்தல் வேண்டும் என்பதே அது. பாரதத்திலும் வாக்காளர் தம் வாக்கை ஏழு விநாடி கண்ணாற் காணும் காகிதச் சீட்டு இயந்திரத்தோடு இணைக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. எல்லாவற்றையும் எண்ணவேண்டுமென்ற மனுவை 2024 ஏப்பிரலில் அதுவே நிராகரித்தது.

நம் நாட்டில் இன்றும் காகிதமே ஆட்சி செய்கின்றது. 2024இல் சனாதிபதித் தேர்தற் சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. எண்ணி முடிக்க ஓர் இரவு போதவில்லையென்று முணுமுணுத்தோர் பலர். காகிதமும் தானாகக் காவல் நிற்பதில்லை. 1981 ஜூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின்போது யாழ்ப்பாணத்தில் வாக்குப் பெட்டிகளே காணாமற்போனமையை முதியோர் மறந்திலர். ஆனால், பெட்டி காணாமற்போயின் அது போயிற்றென்பதைப் படியாதவரும் அறிவர். இயந்திரத்தினுள் ஓர் எண் மாறினால் யார் அறிவர்? இதுவே வேறுபாடு.

பாராளுமன்றத்தினுள்ளே வாக்களிப்பது வேறு. அங்கே அங்கத்தவரின் வாக்கு இரகசியமன்று. பொத்தானை அழுத்தியபின் தம் பெயருக்கு எதிரே என்ன பதிவாயிற்றென்று அவரே பார்க்கலாம். தொகுதி மக்களும் பார்க்கலாம். புதுடில்லி மக்கள் சபையில் 1957 முதல் இம்முறை நிலவுகிறது. 2018 நவம்பரில் நம் சபையிலே மிளகாய்த் தூள் வீசப்பட்டபோது, குரல் வாக்கின் பெறுமதி எவ்வளவென்று நாடே கண்டது. அம்மாதம் 29ஆம் நாள், பிரதமரின் செயலாளர் அரச பணத்தைச் செலவிடுவதைத் தடுக்கும் பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறிற்று. 225 பேர் கொண்ட சபையில் அந்த எண்ணே பேசிற்று; கூச்சல் ஓய்ந்தது. அப்பொழுது எதிர்க்கட்சித் தலைவராயிருந்தவர் இரா. சம்பந்தன். அவர் கட்சியினரின் வாக்குகள் இல்லாவிடின் அந்த எண் கூடியிராது.

இனிப் படிக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் வெளியிடப்பட்ட விவரப்படி, அங்கத்தவரின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபா. அமர்வு நாளொன்றுக்கு 2,500 ரூபா. அலுவலகச் செலவுக்கு மாதம் 100,000 ரூபா. இவற்றை அறவே ஒழிப்போம் என்பவருக்கு மேடையிலே கரகோஷம் நிச்சயம். முன்னாட் சனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டமூலம் 2025 செப்டெம்பர் 10ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வந்தபோது 151 பேர் ஆதரித்தனர்; எதிர்த்தவர் ஒருவரே. மக்கள் வெறுப்பின் எதிரே நிற்க எவருந் துணியார்.

எனினும், சரித்திரம் வேறொரு பாடமும் புகட்டுகிறது. 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர் வெளியிட்ட மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள் இருந்தன. இரகசிய வாக்கு அவற்றுள் ஒன்று. அங்கத்தவருக்குச் சம்பளம் மற்றொன்று. செல்வரல்லாதவனும் அச்சமின்றி வாக்களிக்கவேண்டும், சபையிலும் அமரவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. முன்னது 1872இலும், பின்னது ஆண்டுக்கு 400 பவுணாக 1911இலும் கைகூடின. கொழும்புக்குச் சென்று மீள ஏறக்குறைய 800 கிலோமீற்றர் பயணஞ்செய்யும் வடபகுதி ஆசிரியரோ கமக்காரரோ படியின்றி அங்கத்தவராயிருத்தல் இயலுமா? படியை ஒழித்தால் எஞ்சுவோர் செல்வரும், செல்வரிடம் மறைவாகக் கைநீட்டுவோருமே.

அதே இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு, குளத்து வாத்துகளுக்கு வீடமைக்க 1,645 பவுண் கோரிய அங்கத்தவரும் வெளிப்பட்டார். சபாநாயகரே பதவி துறந்தார். அங்கே படி ஒழிக்கப்படவில்லை. சுயாதீன அமைப்பொன்று நிறுவப்பட்டது. அங்கத்தவர் கோருஞ் செலவுகள் யாவரும் காண வெளியிடப்படுகின்றன.

நம் ஊர்க் கோயிலிலே திருவிழா முடிந்ததும் வரவுசெலவு வாசிக்கிறார்கள். எண்ணெய்க்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கேட்க எவருக்கும் உரிமையுண்டு. கேட்பதனால் விளக்கு அணைவதில்லை, மேளமும் நிற்பதில்லை. வாக்குப் பெட்டிக்கும் அங்கத்தவர் படிக்கும் நாம் வேண்டுவது இதனையே: சாதாரண மனிதன் தன் கண்ணாற் கண்டு எண்ணிச் சரிபார்க்கும் வழி.

ஆகையால், இயந்திரத்தையோ படியையோ கண்டித்து எதிர்க்கட்சி அங்கத்தவர் எவரேனும் முழங்கும்போது, மாணவ நேயர்கள் பணிவுடன் ஒரு கேள்வி கேட்பாராக: “ஐயா, தாங்கள் வென்று ஆட்சியிலமர்ந்த மறுநாளும் இதனையே கூறுவீர்களா?” ஆமென்றால், அவர் பேச்சைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்நாள் வரும்போது அது பயன்படும்.