புதைக்கும் முன் காதை எடுங்கள்

பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 2014 ஜூலையில் ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் நீர்வழியில், ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில், ஒரு கண்காணிப்புக் கருவித்தொகுதியை இறக்கியது. இன்டார்க் என்பது அதன் பெயர். பிறகு அதே ஃபியோர்டில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்துக் கடலின் ஓசையையும் பதிவு செய்தார்கள்.

உருகும் பனிக்கு ஓசை உண்டு. பனியாற்றின் விளிம்பு உடைந்து விழும். பனிக்குள் நெடுங்காலம் அழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்றுக்குமிழ்கள் வெடித்து வெளிவரும். அலாஸ்காவிலும் அண்டார்க்டிகாவிலும் அளந்தவர்கள், பனியாறு வந்து சேரும் ஃபியோர்டுகள் உலகக் கடலிலேயே இரைச்சல் மிகுந்த இடங்களில் அடங்கும் என்று 2015இல் எழுதினார்கள். இது இயற்கையின் இரைச்சல்; அங்குள்ள சீல்கள் பழகியது. பனி விலகிய நீரில் கப்பல்கள் நுழைவதுதான் புதிது. பனிமேல் வளை அமைத்துக் குட்டி ஈனும் வளையச் சீலுக்குத் தளமே போகிறது. 2014 செப்டம்பரில் அலாஸ்காவின் பாயின்ட் லே கரையில், தங்குவதற்குப் பனி இல்லாமல் சுமார் 35,000 வால்ரஸ்கள் ஏறிக் குவிந்தன. இப்படிப்பட்ட நெரிசலில் மிரண்டு ஓடும் கூட்டத்தின் கீழ் குட்டிகள் நசுங்கிச் சாகும்.

இனி நம் கரை. நீலாங்கரை முதல் கோவளம் வரை ஒதுங்கும் கடற்பாலூட்டிகளின் உடல்களுக்கும் துருவப் பனிக்கும் நேர்த்தொடர்பு தேடுவது வீண் வேலை. முதுகில் துடுப்பில்லாத ஃபின்லெஸ் பார்பாய்ஸ் பனியைக் காணாமலே வாழ்ந்து முடிகிறது. கடல் சூடாவது கடற்புல்லையும் மீனையும் தொடும், அதன் வழியே பாக் விரிகுடாவின் ஆவுளியாவையும் தொடும், மறுக்கவில்லை. ஆனால் பிணப் பரிசோதனை அறிக்கையில் ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதினால் அது நோயறிதல் ஆகாது. இங்கே ஓங்கில்களைக் கொல்வதில் முதலிடம் செவுள்வலைக்கு. மூச்சுக்குழாயில் நுரை, வயிற்றில் செரிக்காத மீன், தோலில் வலைக்கண்ணின் தடம், உடல் நல்ல சதைப்பிடிப்போடு இருத்தல் ஆகிய நான்கும் சேர்ந்தால் வலையைச் சந்தேகிக்கலாம். எலும்பு முறிந்த இடத்தில் ரத்தக்கசிவு இருந்தால், உயிரோடு இருக்கும்போதே அடிபட்டிருக்கிறது; கப்பல் மோதியிருக்கலாம்.

இதையெல்லாம் பார்க்க நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? கூட்டம் கூடுகிறது, செல்ஃபி எடுக்கிறார்கள், நாற்றம் என்று புகார் போகிறது, ஜேசிபி வருகிறது, குழி மூடப்படுகிறது. நீளமாவது ஒழுங்காக அளக்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம். அம்பர் கடத்துகிறவர்கள் எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலுக்குக் கொடுக்கும் மதிப்பை, நாம் எந்தத் திமிங்கிலத்தின் காதுக்கும் கொடுத்ததில்லை.

காதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், அதற்கு முன்னுதாரணம் உண்டு. 2000 மார்ச்சில் பஹாமாஸில் அலகுத் திமிங்கிலங்கள் கரையேறியபோது, காதைச் சுற்றி ரத்தக்கசிவைக் கண்டது பிணப் பரிசோதனை. அமெரிக்கக் கடற்படையின் சோனாருக்குப் பங்குண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளிலும் அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. லாஸ் பால்மாஸின் கால்நடை நோயியலாளர்கள் திசுக்களில் வாயுக்குமிழ்களையும் கொழுப்படைப்புகளையும் காட்டினார்கள். 2004இல் அத்தீவுகளைச் சுற்றி சோனாரை ஸ்பெயின் தடை செய்தது. கத்தியும் ஃபார்மலினும் வைத்திருந்தவர்கள் ஒரு கடற்படையின் வழக்கத்தை மாற்றினார்கள்! நம்மிடமோ 1973 ஜனவரியில் தூத்துக்குடிப் பகுதியில் 147 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் 80க்கும் மேற்பட்டவை. காரணம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

செய்முறை கடினமல்ல. ஓங்கிலின் காதெலும்புக் கூட்டு மண்டையோட்டோடு ஒட்டி வளர்ந்ததல்ல, இணைப்பிழைகளில் தொங்குகிறது. கீழ்த்தாடையைக் கழற்றினால் கத்தியாலேயே எடுத்துவிடலாம். நீள்வட்டச் சாளரம், வட்டச் சாளரம் வழியாகப் பத்து சதவீத நடுநிலை ஃபார்மலினை மெதுவாகச் செலுத்தி, அதிலேயே மூழ்கடித்து வையுங்கள். உட்செவியின் மயிர்ச்செல்கள் சில மணி நேரத்தில் சிதையத் தொடங்கும்; நம் வெயிலில் இன்னும் விரைவாக. எனவே சிதைவு நிலை இரண்டைத் தாண்டிய உடலில் காதுக்கு நேரம் செலவிட வேண்டாம். வயதுக்குப் பல், மரபணுவுக்கு எத்தனாலில் தோல், நஞ்சுக்குக் கொழுப்பு போதும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். புருசெல்லா இந்த விலங்குகளிலும் உண்டு.

வனவுயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு என்பதால் வனத்துறை அனுமதியின்றி ஒரு பல்லைக்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கரை ஒதுங்கும் பெருவிலங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021இல் வெளியிட்டுவிட்டது. செங்கல்பட்டு, சென்னை மாவட்டங்களுக்கு நிரந்தர முன்அனுமதியோடு ஒரு மருத்துவர் குழு வேண்டும். ஓசையை அளப்பவர்கள் பள்ளிக்கரணையில், வனவுயிரினத் தடய ஆய்வகம் வண்டலூரில். தாம்பரத்திலிருந்து இரண்டுமே கூப்பிடு தூரம். ஆர்க்டிக்கின் ஓசையைக் கேட்கும் ஊருக்கு, ஈஞ்சம்பாக்கத்தில் ஒதுங்கிய விலங்கு செவிடா என்று பார்க்கத் தெரியாமல் இருப்பது நம் தொழிலுக்கு அழகல்ல.

அடுத்த இதழிலிருந்து கரை ஒதுங்கல் குறிப்புகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம். இனம், அலகு நுனியிலிருந்து வால் பிளவு வரை நேர்க்கோட்டு நீளம், பால், சிதைவு நிலை, கண்டவை, படம். முழு ஆய்வுக்கு வாய்ப்புக் கிடைக்காவிட்டாலும் இவற்றை மட்டுமாவது அனுப்புங்கள்.