ஓடினால் 'வின்டேஜ்' இல்லையாம்!

ஒரகடம் கூட்ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் போகும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை. அறுபது வருடம் கழித்து இவற்றில் ஒன்றாவது ஓடுமா?

டார்ஜிலிங் பக்கம், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சாங் என்று ஒரு சின்ன மலையூர். அங்கே ஓடுகின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு ஸ்டாண்டே இருக்கிறது! பல வண்டிகள் 1950-களில் இங்கிலாந்தில் தயாரான லேண்ட்ரோவர்கள். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் ஓட்டிவிட்டுப் போனவை. அங்கிருந்து 31 கி.மீ. ஏறினால் சந்தக்ஃபூ, உயரம் 3,636 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். குளிர்காலத்தில் பனி கொட்டும். பல வருடம் அந்தப் பாதை வெறும் பாறாங்கல் அடுக்கு. சுற்றுலாப் பயணிகளோ அரிசி மூட்டையோ, இந்தக் கிழட்டு வண்டிகளை நம்பித்தான் மேலே போக வேண்டும்.

ரோவர் கம்பெனி 1948-ல் விவசாயிகளை மனதில் வைத்துச் செய்த வண்டி இது. போருக்குப் பிறகு இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். அதனால் பாடியை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது, இன்றைக்கும் மலைப்பனியில் துருப்பிடிக்காமல் காக்கிறது. தகடுகள் பெரும்பாலும் தட்டை. நசுங்கினால் ஊர்ப் பட்டறையிலேயே தட்டி நிமிர்த்தலாம். பழைய இன்ஜின் ஓய்ந்துபோனால் நம்மூர் டீசல் இன்ஜினைப் பொருத்திவிடுகிறார்கள். கிடைக்காத பாகத்துக்கு இருக்கவே இருக்கிறது லேத்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ஃபோர்டு கார் விற்ற வர்ஜில் ஒயிட். மாடல் டி காரின் முன்சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக் கட்டை, பின்னால் கூடுதல் அச்சும் சங்கிலிப் பட்டையும் மாட்டினார். கிராமத்து டாக்டரும் தபால்காரரும் பனிக்காலத்தில் வீடு வீடாகப் போனார்கள்.

இப்போது நம் சட்டத்துக்கு வாருங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டி 'வின்டேஜ்' என்று பதிவாகலாம். ஆனால், சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடவே கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

ஆக, பங்களா ஷெட்டில் போர்வை போர்த்தித் தூங்கும் கார் பாரம்பரியச் சின்னம். இன்ஜின் மாற்றி, ஆளேற்றி மலை ஏறும் மானேபஞ்சாங் வண்டி அந்தக் கணக்கில் வராது; அது வெறும் பழைய டாக்ஸி. வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறும். பாதையில் பல இடங்களில் காங்கிரீட் போட்டாகிவிட்டதால் புது ஜீப்புகளும் மேலே வரத் தொடங்கிவிட்டன. புகை கக்கும் வண்டியை எல்லா ஊரிலும் ஓடவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிற பழைய வண்டிக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்தால் என்ன?

பழுது பார்க்க முடிவதும் ஒரு மதிப்புதானே! இன்றைய காரில் ஒரு சென்சார் மக்கர் செய்தாலே லேப்டாப்போடு ஆள் வர வேண்டியிருக்கிறது.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். லேண்ட்ரோவரின் இன்றைய தலைமுறை அங்கே தயாராவதற்கான திட்டம் அது. வேலைக்குச் சேரும் ஐ.டி.ஐ. பிள்ளைகளை, பயிற்சியின்போது ஒரு வாரம் மானேபஞ்சாங் பட்டறைக்கு அனுப்பலாம். டிசம்பரில் அனுப்பினால் இன்னும் நல்லது. ஸ்வெட்டரை மட்டும் மறக்க வேண்டாம்.