மரம் பிய்க்கிற காலை

டிசம்பர் 25. அமெரிக்க வீடுகளில் அன்று விடியற்காலை முதலில் எழுந்திருப்பது யார்? குழந்தைகள் என்று சொன்னால் பாதி மார்க். மரத்தடியில் பரிசுப் பொட்டலங்கள் காத்திருக்கும்போது எந்தக் குழந்தை தூங்கும்? மீதிப் பாதி, அதற்கும் முன்னால் எழுந்து டிபனுக்கு மாவு பிசைகிற ஜீவனுக்கு. பெரும்பாலும் அம்மா.

அந்த அம்மாவைத் தூங்கவிடுகிற சமாசாரம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரம் மாதிரியே அடுக்கிச் சுடுகிற பன்.

மரம் என்னவோ ஜெர்மன் சரக்கு. விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கிற படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. 1850-ல் ஓர் அமெரிக்க மாதர் பத்திரிகை அதையே சுட்டுப் போட்டது. ராணியின் கிரீடத்தையும் கணவர் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டார்கள். ஆச்சு, அசல் அமெரிக்கக் குடும்பம்! (கன்னத்தில் மரு ஒட்டினால் ஆளே மாறிவிடுகிற நம்மூர் சினிமாவுக்கு இது அண்ணன்.)

பன்னுக்கு வருவோம். மைதா அரை கிலோ, வெதுவெதுப்பான பால் 250 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 60 கிராம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே உப்பு, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். கொதிக்கிற பாலை ஊற்றினால் ஈஸ்ட் நேரே பரலோகம். பத்து நிமிஷம் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். மாவு இரட்டிப்பாகும். ஃபைனான்ஸ் கம்பெனிகள் சொல்லிவிட்டுச் செய்யாததை ஈஸ்ட் சொல்லாமலே செய்யும்.

சுமார் 930 கிராம் தேறும். தலைக்கு 58 கிராம் வீதம் 16 உருண்டை. உச்சியில் 1, அதன் கீழே 2, அப்புறம் 3, 4, 5. கூட்டினால் 15. மிச்சம் ஒன்று அடிமரம். கணக்கு டாலி! நடுவில் சுண்டுவிரல் அகலம் இடம் விட வேண்டும். பொங்கும்போது தானே ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே நெருக்கினால் மரத்துக்குப் பதில் பலாப்பழம் கிடைக்கும்.

இதெல்லாம் முதல் நாள் ராத்திரி வேலை. ட்ரேயை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். 4 டிகிரி குளிரில் ஈஸ்ட் சாகாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸ் நடக்குமே, அந்த வேகத்தில் வேலை பார்க்கும். எட்டு மணி நேரம் அப்படி ஊறினால் ருசிகூடக் கொஞ்சம் ஏறும். காலையில் வெளியே எடுத்து வைத்தால் குளிர் விட்டு உப்ப ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பொட்டலம் பிரிக்கலாம். எல்லோரும் என்றால் அம்மாவும்தான். பிறகு மேலே முட்டை தடவி 180 டிகிரி ஓவனில் 25 நிமிஷம். (இத்தனையையும் அப்பா செய்தாலும் ஈஸ்ட் ஆட்சேபிக்காது.)

சிலர் மரம்தானே என்று மாவில் பச்சைச் சாயம் கலக்கிறார்கள். வெந்து வரும்போது பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கும், வேண்டாம். சர்க்கரைப் பொடியைப் பாலில் குழைத்து மேலே கோடு கோடாக விட்டால் போதும், பனி பெய்துவிடும்.

கத்தி தேவையில்லை. சூடு ஆறுவதற்குள் பிய்க்க வேண்டும். உச்சி உருண்டைக்குக் குழந்தைகள் அடித்துக்கொள்ளும். அடிமரத்தை யாரும் சீந்த மாட்டார்கள். சுட்டவர் அதை எடுத்துக்கொண்டு, காப்பியோடு சாவகாசமாகச் சாப்பிடலாம். உட்கார்ந்து.