கோப்பின் சாவி யாரிடம்?

கிராமத்து மழைமானியின் அளவைக் குறித்து வைக்கும் ஊழியரும், வகுப்பின் மதிப்பெண் பட்டியலைத் தயாரிக்கும் ஆசிரியரும், அரசாங்கச் சுற்றறிக்கையைத் தமிழாக்கும் என்போன்றவரும் இன்று ஒரேவிதமான சாதனத்தைக் கொண்டே வேலை செய்கிறோம். எழுதுவதற்கு ஒன்று, கணக்கிடுவதற்கு ஒன்று, திரையில் படங்காட்டி விளக்குவதற்கு ஒன்று என மூன்று நான்கு மென்பொருள்களை ஒரே கட்டாகச் சேர்த்து வழங்கும் அலுவலக மென்பொருள் தொகுப்பே அச்சாதனம். அதனை ஆக்கியவர் யாவர், அது எத்தனை கைகள் மாறி நம்மிடம் வந்தது என்பதையெல்லாம் நாம் கேட்பதில்லை. பேனாவின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டுதான் எழுதவேண்டுமா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பேனாவைப் பொறுத்தவரை அவர் கூறுவது சரியே. பேனா பழுதாகிவிட்டால், முன்பு அதனால் எழுதிய கடிதங்கள் படிக்க முடியாமற் போய்விடுவதில்லை. மென்பொருளின் நிலை அப்படியன்று.

இதனை நான் பட்டறிந்தவன். பணியிற் சேர்ந்த புதிதில், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சொற்செயலியும், அதனுடன் ஒரு தனியார் தமிழ் எழுத்துருவும் இருந்தன. அவ்வெழுத்துரு ஒரு தந்திரத்தால் வேலை செய்தது. கணிப்பொறி ஓர் ஆங்கில எழுத்தைத்தான் சேமித்து வைக்கும். அந்த எழுத்தின் வடிவத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தின் வடிவம் திரையில் தோன்றும்படி எழுத்துருவை வரைந்திருந்தனர். கண்ணுக்குத் தமிழ், பொறிக்கு ஆங்கிலம். இவ்வகையில் மண், வானிலை, பயிர்நோய் ஆகியவை பற்றிய கலைச்சொற்களைப் பல ஆண்டுகளாகத் திரட்டி ஓர் அகராதி போலச் சேர்த்து வந்தேன். பின்னர்ப் பழைய கணிப்பொறிகள் அகற்றப்பட்டன, புதியவை வந்தன. எழுத்துருவை விற்றவரைக் காணோம். நான் கோப்பைத் திறந்தபோது பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும், தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களுமே நிறைந்திருந்தன. சொற்களைத் திரட்டியவன் நான். அவற்றைத் திறக்கும் சாவியோ என்னிடம் இல்லை.

இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாக அமையக்கூடியது, ஸ்டார் ஆபீஸ் என்னும் ஜெர்மானியத் தொகுப்பின் வரலாறு. அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

அலுவலகக் கணிப்பொறி பரவத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு மென்பொருள் தனித்தனியே விற்பனையாயிற்று. 1979-இல் விசிகால்க் என்னும் விரிதாள் மென்பொருள் வந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்து அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. ஒவ்வொன்றும் தன் கோப்பைத் தனக்கே உரிய இரகசிய முறையில் சேமித்தது. அந்நாளில் எவரும் அதைக் குறையாகக் கருதவில்லை.

மேற்கு ஜெர்மனியின் வட பகுதியிலுள்ள லூனெபுர்க் நகரில் 1985-ஆம் ஆண்டில் மார்க்கோ போரிஸ் என்னும் பதினாறு வயது இளைஞர் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முதற் சரக்கு ஸ்டார் ரைட்டர் என்னும் சொற்செயலி. ஜெர்மனியில் ஸ்னைடர் என்னும் பெயரில் விற்பனையான, வீட்டு உபயோகத்துக்குரிய சிறு கணிப்பொறிக்காக அது எழுதப்பட்டது. பின்னர் அது டாஸ் இயங்குதளத்துக்கு மாறியது. விரிதாளும் வரைபடக் கருவியும் வந்து சேர்ந்தன. தொகுப்பு முழுமைக்கும் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயர் அமைந்தது. விண்டோஸ், ஓ.எஸ்.2, சோலாரிஸ், லினக்ஸ் எனப் பல இயங்குதளங்களில் ஒரே தொகுப்பு ஓடியது அதன் தனிச்சிறப்பு. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 1989-இல் மாக்கின்டோஷுக்கும் 1990-இல் விண்டோஸுக்கும் வெளிவந்து உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்ட அதே காலத்தில், இந்த ஜெர்மானியத் தொகுப்பு ஓரத்தில் நின்று வளர்ந்துகொண்டிருந்தது.

அதில் குறைகள் இல்லாமலில்லை. 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பைத் திறந்தால், அது கணிப்பொறியின் திரை முழுவதையும் தானே ஆக்கிரமித்துக்கொண்டு, தனக்கென ஒரு தொடக்கப் பொத்தானையும் வைத்துக்கொண்டிருந்தது. கடிதம் எழுத வந்தவனை வீட்டுக்காரனாகவே மாற்றிவிடும் இந்த விருந்தோம்பலைப் பலர் விரும்பவில்லை. பிற்காலத்தில் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது நல்லதே.

1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இந்நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. வாங்கியதன் காரணம் சுவையானது. அந்நாளில் சன் நிறுவனத்தில் ஏறக்குறைய 42,000 பேர் பணியாற்றினர். அத்தனை பேருக்கும் மைக்ரோசாப்ட் தொகுப்புக்கு உரிமம் வாங்குவதைவிட, ஒரு தொகுப்பை ஆக்கும் நிறுவனத்தையே வாங்கிவிடுவது மலிவாக இருந்தது என்று அந்நிறுவன அதிகாரியாயிருந்த சைமன் பிப்ஸ் பின்னாளில் கூறினார். பால் வாங்கும் செலவைக் கணக்கிட்டு மாட்டையே வாங்கிய கதைதான்.

வாங்கியவர்கள் மாட்டைத் தம் கொட்டிலிலேயே கட்டி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிராது. 2000 அக்டோபர் 13-ஆம் தேதி தொகுப்பின் மூல நிரலை, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளித்து, சன் நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து ஓபன் ஆபீஸ் பிறந்தது. அதன் முதற் பதிப்பு 2002 மே மாதத்தில் வெளிவந்தது. மூல நிரல் வெளியானதைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். அதற்கு இணையான மற்றொரு செய்தியை அவ்வளவாகப் பேசுவதில்லை: கோப்பைச் சேமிக்கும் முறையும் அப்போது மாற்றப்பட்டது. பழைய ஸ்டார் ஆபீஸ் கோப்பு, பொறிக்கு மட்டுமே விளங்கும் இருமக் குறிகளின் குவியல். புதிய கோப்போ, மனிதர் படிக்கத்தக்க எழுத்துக்களால் குறியிடப்பட்ட உரை. அம்முறையைச் செப்பனிட்டு ஓயாசிஸ் என்னும் தர அமைப்பு 2005 மே மாதத்தில் ஏற்றது. 2006-இல் அது ஐ.எஸ்.ஓ. 26300 என்னும் சர்வதேசத் தரமாயிற்று. திறந்த ஆவண வடிவம் என்பது அதன் பெயர்.

ஆசிரிய அன்பர்கள் இதனை வகுப்பிலேயே சோதித்துக் காட்டலாம். ஓ.டி.டி. என முடியும் பெயருள்ள ஒரு கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியின் பெயரில் அந்த இறுதிப் பகுதியை நீக்கி ஜிப் என மாற்றுக. பின்னர் அதனைப் பிரித்தால் உள்ளே பல சிறு கோப்புகள் காணப்படும். கன்டென்ட் என்னும் பெயருடையதை எளிய உரைத்திருத்தியில் திறந்து பார்த்தால், குறிகளுக்கு நடுவே நாம் எழுதிய வாக்கியங்கள் அப்படியே நிற்கும். அலுவலகத் தொகுப்பு எதுவுமே இல்லாத கணிப்பொறியிலும் இது நிகழும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இத்தொகுப்புகள் யாவும் மறைந்துவிட்டாலும், பொறுமையுள்ள ஒருவர் அவ்வுரையை மீட்டுவிட முடியும்.

சன் நிறுவனம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரியில் அது ஆரக்கிள் நிறுவனத்தின் வசமாயிற்று. புதிய உரிமையாளரின் போக்கில் ஐயங்கொண்ட நிரலாளர் பலர், அதே ஆண்டு செப்டம்பர் 28-இல் ஆவண அறக்கட்டளை என்னும் அமைப்பை அறிவித்து, மூல நிரலைப் பிரதி எடுத்து, லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தனர். 2011-இல் ஆரக்கிள் ஓபன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. ஸ்டார் ஆபீஸின் வழிவந்த விலைச்சரக்கும் அவ்வாண்டே நின்றுபோயிற்று. லூனெபுர்க்கில் பிறந்தது ஹாம்பர்க்கில் வளர்ந்து, கலிபோர்னியாவில் இருமுறை கைமாறி, மீண்டும் ஜெர்மனியின் சட்டப்படி அமைந்த ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. ஜெர்மானிய நிரலாளர்கள் நிரலின் வரிகளுக்கிடையே எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள் பல்லாயிரம், ஜெர்மன் மொழியிலேயே இருந்தன. பிற நாட்டார்க்கு அவை விளங்கவில்லை. லிப்ரே ஆபீஸ் தொண்டர்கள் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியைத் தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்தனர். பொறியியலின் உச்சியில் ஏறினாலும் அங்கேயும் மொழிபெயர்ப்பு மேசை ஒன்று போடவேண்டியிருக்கிறது.

மற்றொரு நிகழ்ச்சி இதைவிட முக்கியமானது. 2013-இல் வெளிவந்த லிப்ரே ஆபீஸின் நான்காம் பதிப்பில், பழைய ஸ்டார் ஆபீஸின் இருமக் கோப்புகளைத் திறக்கும் பகுதி நீக்கப்பட்டது. அதாவது, தன் மூதாதை எழுதிய கடிதத்தையே படிக்க இயலாத நிலை பேரனுக்கு வந்தது. மூல நிரல் கைவசம் இருந்தபடியால், சில ஆண்டுகளுக்குள் அக்கோப்புகளைத் திறக்கத் தனி நிரல் ஒன்றை எழுதிச் சேர்க்க முடிந்தது. தொலைந்த சாவியைப் புதிதாக வார்த்துக்கொள்ள அச்சு இருந்தது. என் சொற்கோவைக்கு அந்த அச்சு இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: அரசாங்கப் பணியிலும் கல்விக்கூடத்திலும் உருவாகும் எழுத்து எதுவும் திறந்த வடிவில் சேமிக்கப்படாமல் இருக்கலாகாது. எம்மென்பொருளால் எழுதுகிறோம் என்பது இரண்டாவது கேள்வியே.

இலவசம் என்ற ஒன்றையே சொல்லி இத்தொகுப்புகளைப் புகழ்வோர் இந்த வாதத்துக்கு நன்மை செய்யவில்லை என்பது என் எண்ணம். விலையை மட்டும் பார்த்து வருவோர், மற்றொருவர் தள்ளுபடி தந்தால் திரும்பிவிடுவர். மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறத் தீர்மானித்து, 2013-இல் அவ்வேலையை முடித்து, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகளில் அட்டவணைகள் இடம்மாறிக் கிடப்பதும், ஊழியரின் பழக்கமும் எளிதில் தள்ளக்கூடிய குறைகள் அல்ல. நானும் அவற்றால் சலித்துக்கொண்டதுண்டு. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், அரசாங்கக் கணிப்பொறிகள் 30,000 வரை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்படும் என 2024-இல் அறிவித்தது. தன் தரவுகள் தன் ஆட்சியில் இருக்கவேண்டும் என்பதை அது முதற்காரணமாகக் கூறியது. போட்டியாளரும் சும்மாயிருக்கவில்லை, மைக்ரோசாப்டின் புதிய கோப்பு வடிவமும் 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. ஜெர்மானியத் தொகுப்பு வழியைத் திறக்காதிருந்தால் அவ்வளவு விரைவில் அது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டிலும் விதி இல்லாமலில்லை. மின்னாட்சிக்குத் திறந்த தரங்களையே கொள்ளவேண்டும் என்னும் கொள்கையை, விதிவிலக்குகளுக்கும் இடமளித்து, மத்திய அரசாங்கம் 2010 நவம்பரில் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2005 ஏப்ரலில், சி-டாக் நிறுவனம் தமிழாக்கப்பட்ட ஓபன் ஆபீஸையும் தமிழ் எழுத்துருக்களையும் ஒரு குறுந்தகட்டில் பொதுமக்களுக்கு இலவசமாக அளித்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடமிருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. விதி எட்டாத இடம், நம் மேசைமேலுள்ள கணிப்பொறி. மாவட்டத்திலிருந்து வரும் அறிக்கைகளில் சில இன்றும் பழைய எழுத்துருவிலேயே வருகின்றன. கூடவே எழுத்துருவை வேறொரு கடிதத்தில் அனுப்பிவைக்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. பத்தாண்டுக்கு முந்திய படிவத்தையே மேலிடத்திலிருந்து அனுப்பினால் அவர்கள் வேறென்ன செய்வர்?

களப்பணியாளர்களை நான் வேண்டுவது சிறிதே. மழை, நீர்மட்டம், விளைச்சல் முதலிய அட்டவணைகளைத் திறந்த ஆவண வடிவிலும், அதனோடு காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெற்றுரையிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழை யூனிகோடில் மட்டுமே தட்டெழுதுங்கள். அச்சுக்கு மட்டும் உரிய வடிவில் அட்டவணையை அனுப்பினால், பெறுபவர் அவ்வெண்களைத் திரும்பவும் கையால் ஏற்றவேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய எழுத்துருக் கோப்பு எவரிடமேனும் இருந்தால், அதனைத் திறக்கும் கணிப்பொறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பரவலாக வழங்கிய எழுத்துருக்களுக்கு மாற்று நிரல்கள் கிடைக்கின்றன. சிறு விற்பனையாளரின் எழுத்துருக்களுக்கே கிடைப்பதில்லை.

என் சொற்கோவை முழுவதும் அழிந்துவிடவில்லை. எப்போதோ அச்சிட்டு வைத்த பிரதி ஒன்று பழைய அலமாரியில் அகப்பட்டது. மாலை வேளைகளில் அரைமணி நேரம் அதனைப் பார்த்துத் திரும்பவும் தட்டெழுதி வருகிறேன். இப்போது பகர வரிசையில் இருக்கிறேன். வானிலைச் சொற்கள் யாவும் கிடைத்துவிட்டன. மண்ணியற் சொற்கள் இருந்த பதினொரு பக்கங்கள் மட்டும் அதில் இல்லை.