குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது?

பஞ்சாயத்துக்கு அதிகாரம், நகரசபைக்கு அதிகாரம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். கையிலே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்போம்.

1973-ல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். ஊழல் என்று காரணம் சொன்னார்கள். ஊழல் செய்தவனைத் தண்டிக்க வேண்டியதுதான்; ஓட்டுப் போட்டவனைத் தண்டிப்பானேன்? 1996 வரை, 23 வருஷம், தலைநகருக்குக் கவுன்சிலர் கிடையாது. கேட்க ஆளில்லாத அந்த நாட்களில்தான், 1978-ல், குடிநீரையும் சாக்கடையையும் மாநகராட்சியிடமிருந்து பிடுங்கி ஒரு வாரியத்திடம் கொடுத்தார்கள். நகரமைப்பு அதற்கு முன்பே பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போயிருந்தது. கவுன்சிலர்கள் திரும்பி வந்தார்கள். அதிகாரம் திரும்பி வரவில்லை.

1993-ல் அமுலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், இவ்விரண்டையும் நகரசபைகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. அந்த 'லாம்' என்ற இரண்டெழுத்துக்குள் சர்க்கார் வசதியாகக் குடியிருக்கிறது!

மில் தொழிலாளிகள் இதைப் பட்டணத்துச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். 2016 முதல் 2022 வரை தமிழக நகரங்களில் மன்றமே இல்லை. அந்த இடைவெளியில்தான், 2018-ல், கோவையின் குடிநீர் விநியோகம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியிடம் போயிற்று.

விவசாயத் தொழிலாளியின் சங்கதி இன்னும் மோசம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 ஆக்க 2022-ல் உத்தரவிட்டார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டைக் கிராமங்களெல்லாம் அதற்குள் இழுக்கப்பட்டன. எந்த வயல் வயலாக இருக்கும், எது மனையாகும் என்ற முடிவு கிராமத்தை விட்டுப் போகிறது. வயல் மனையானால் நிலச் சொந்தக்காரனுக்கு விலை கிடைக்கும். நாற்று நட்டவளுக்கு? வேலை போகும், ஒரு காசு நஷ்டஈடு கிடையாது.

"ஏரியும் ஆறும் பஞ்சாயத்து எல்லை பார்த்தா ஓடுகின்றன?" என்று கேட்கிறார்கள். இல்லைதான். பல ஊருக்கும் பொதுவான ஸ்தாபனம் வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதிலே உட்காருவது யார் என்பதில்தான் சண்டை. இன்று தலைமையில் மந்திரி, நிர்வாகத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அரசியல் சட்டமோ வேறு சொல்கிறது: பெருநகரத் திட்டக் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள், கவுன்சிலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும்.

அந்தக் கமிட்டியின் கீழ் குழுமத்தையும் வாரியத்தையும் கொண்டு வா என்று கேட்கிறோம். கிராம சபையின் சம்மதமின்றி நஞ்சையை மனையாக்காதே என்கிறோம். தோழர்களே, மே தினத்தன்று கிராம சபை கூடும். கூலிக்காரப் பெண்கள் உட்பட எல்லோரும் போய், இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டு வாருங்கள்.