குளத்து நீரின் கண்ணுக்குத் தெரியாத சுமை

குளத்து நீர் பச்சை நிறமாகும்போது கவலைப்படும் நாம், அந்நிறம் மறைந்ததும் கவலையையும் மறந்து விடுகின்றோம். ஆனால், பச்சை மறைந்த பின்னரும் அதன் மிச்சம் நீரில் கரைந்தே இருக்கின்றது.

நீரில் மிதக்கும் நுண்ணிய அல்காக்கள் சூரிய ஒளியில் காபனீரொட்சைட்டைக் கொண்டு தமக்கான உணவைத் தயாரிக்கின்றன. இந்த ஒளித்தொகுப்பே குளத்து மீன்வளத்தின் அடித்தளமாகும். இவ்வாறு சேர்த்த காபனில் ஒரு பகுதி அவை உயிருடன் இருக்கும்போதே நீரிற் கசிகின்றது. அவை மடியும்போது மேலும் கரைகின்றது. கரைந்த இந்தச் சேதனக் காபனைப் பற்றீரியாக்கள் உண்டு, ஒட்சிசனைச் செலவிட்டு, மீண்டும் காபனீரொட்சைட்டாக்குகின்றன.

அளவோடு நடைபெறும்வரை இது இயற்கையின் ஒழுங்கு. வயல்களில் மிஞ்சும் பசளையும் நகரக் கழிவும் குளத்தைச் சேரும்போதே அது குலைகின்றது. அல்கா மிதமிஞ்சிப் பெருகி மடிய, ஒட்சிசன் குன்றி மீன்கள் இறக்கின்றன. எளிதிற் சிதையாத காபன் நீரிலேயே தங்கிவிடுகின்றது.

மணல் வடிகட்டிகள் இதனை முற்றாகத் தடுப்பதில்லை. எஞ்சும் காபன் கிருமிநீக்கத்துக்கான குளோரினுடன் தாக்கமுற்று, குளோரோபோம் போன்ற பாதகமான பொருட்களைத் தோற்றுவிக்கின்றது. 1974 இல் நெதர்லாந்தின் ஜொஹான்னஸ் ரூக் இதனை வெளிப்படுத்தினார். அதற்காகக் குளோரினைக் கைவிட முடியாது. வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் அதனிலும் உடனடியான ஆபத்துகளாகும்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியிற் பெருகிய நீலப்பச்சை அல்காவின் நச்சு குடிநீரிற் கலந்தமையால், டொலிடோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் குழாய்நீரை அருந்த வேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். அந்நீரைக் கொதிக்க வைப்பதும் பயனளிக்காது எனக் கூறப்பட்டது. நமது நாடும் இதற்கு விதிவிலக்கல்ல. 1991 இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் இவ்வகை அல்கா படர்ந்தது.

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தையும் அம்பாறை கொண்டவட்டுவான் குளத்தையும் நம்பித் தமிழ், முஸ்லிம் மக்கள் நீர் அருந்துகின்றனர். குளத்திற் கலக்கும் கழிவு, குழாய் செல்வது எவரது வீட்டுக்கு என்று பார்ப்பதில்லை.

இரசாயனப் பசளையை 2021 இல் ஒரேயடியாகத் தடைசெய்து விவசாயிகளை வதைத்த தவறு மீண்டும் வேண்டாம். மண்ணைப் பரிசோதித்து அளவோடு பசளையிட வழிகாட்டுவதும், குளக்கரைத் தாவரங்களைப் பேணுவதும், கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியேற்றுவதும் போதிய பயன்தரும். குடிநீர்க் குளங்களின் சேதனக் காபனை ஒழுங்காக அளந்து, பெறுபேறுகளை மக்களுக்கு அறியத் தருவதும் அவசியமாகும். சுத்திகரிப்பு நிலையத்தில் அல்ல, குளத்திலேயே பாதுகாப்பு ஆரம்பமாக வேண்டும் என்பதனைச் சம்பந்தப்பட்டோர் கவனத்திற் கொள்வார்களென எதிர்பார்க்கின்றோம்.