ஒத்த வாய்க்காலை நம்பி நாத்து விடலாமா?

எங்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில இப்ப ஓடுற பேச்சு, ஏஐ சேவை தர்ற ஒரு நிறுவனத்தோட மூணு வருஷ ஒப்பந்தம் போடணும்ங்கிறது. எல்லா உறுப்பினரோட சர்வே நம்பர், மண் பரிசோதனை முடிவு, போட்ட உரம், கண்டுமுதல் எல்லாம் அவங்க ஆப்புக்குள்ள போயிடும். (ஆப்புன்னு சரியாத்தான் பேர் வச்சிருக்கான்.) "ஒண்ணே போதும், ரெண்டு மூணுன்னா பெருசுங்களுக்குக் குழப்பம்"னு நிர்வாகத்துல சொல்றாங்க.

நான் இதை எதிர்க்கிறேன். ஏஐயை இல்ல, அந்த 'ஒண்ணே போதும்'ங்கிறதை.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்கணுமா? மேட்டூருக்கு ஜூன் 12ன்னு நாள் குறிச்சிருக்கு. எத்தனை வருஷம் அந்த நாள்ல திறந்தாங்க, எத்தனை வருஷம் தள்ளிப்போச்சுன்னு நமக்குத் தெரியும். அதனாலதான் முடிஞ்சவன் எல்லாம் கடனை வாங்கியாவது போர் போட்டான்.

2025 ஜூன் 10 அன்னிக்கு சாட்ஜிபிடி உலகம் பூரா பல மணி நேரம் தகராறு பண்ணுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஜிபிடி-5 வந்தப்ப, ஜனங்க பழகியிருந்த பழைய மாடலைச் சொல்லாம கொள்ளாம எடுத்துட்டாங்க. சத்தம் போட்ட பிறகு, காசு கட்டினவங்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தாங்க. மடையோட சாவி அவங்க கையில இருக்கு.

2025ல எல்லாம் இலவசமாத் தந்தாங்க. ஏர்டெல் பர்ப்ளெக்சிட்டி ப்ரோவை ஒரு வருஷம் தந்துச்சு, ஜியோ ஜெமினி ப்ரோவை 18 மாசம் தந்துச்சு, ஓபன்ஏஐயே சாட்ஜிபிடி கோவை ஒரு வருஷம் தந்துச்சு. எல்லாம் 2025 ஜூலையில இருந்து நவம்பருக்குள்ள. வாங்கினது தப்பில்ல. ஆனா இலவசம் முடியுற அன்னிக்கு நம்ம பத்து வருஷக் கணக்கு அவன் வீட்டுல கிடந்தா, சொல்ற விலையைக் கொடுத்துத்தான் ஆகணும்.

சரி, மூணு நாலு ஆப்பு வச்சுக்கிட்டா தப்பிச்சோமான்னா, அதுவும் இல்ல. 1970ல அமெரிக்காவுல மக்காச்சோளத்துக்கு இலைக்கருகல் வந்துச்சு. கடையில எத்தனையோ கம்பெனி, எத்தனையோ ரகம். ஆனா ஆண் பூவை ஒடிக்கிற கூலியை மிச்சம் பிடிக்க, முக்கால்வாசிக்கு மேல விதைக்குள்ள ஒரே டெக்சாஸ் சைட்டோபிளாசத்தை ஏத்தி வச்சிருந்தாங்க. நோய் அதைத்தான் தேடி அடிச்சுது. நாட்டு விளைச்சல்ல சுமார் 15 சதவீதம் போச்சு. பை வேற, உள்ள இருந்தது ஒண்ணு.

ஏஐயிலயும் அந்தக் கதை உண்டு. பல ஆப்பு உள்ளுக்குள்ள ஒரே பெரிய கம்பெனி மாடலைத்தான் வாடகைக்கு ஓட்டுது. 2025 நவம்பர் 18, கிளவுட்ஃபிளேர்னு ஒரு இடைத்தரகு நிறுவனம் படுத்துச்சு, போட்டிக் கம்பெனிகளான சாட்ஜிபிடி, கிளாடு ரெண்டும் அன்னிக்குச் சேர்ந்தே திணறுச்சு. அதனால பேரை எண்ணாதீங்க, உள்ள ஓடுறது யாருதுன்னு கேளுங்க.

ரெண்டு பேரைக் கேட்டா குழப்பம்னு சொல்றாங்களே, அந்தக் குழப்பம் எனக்கு வேணும். நடவு வயல்ல பயிர் வெளுத்த போட்டோவை ரெண்டுல போட்டேன். ஒண்ணு தழைச்சத்துக் குறைவு, யூரியா போடுன்னுச்சு. இன்னொண்ணு இலையில துருப்பிடிச்ச மாதிரி புள்ளி இருக்கு, துத்தநாகக் குறைவா இருக்கும்னுச்சு. ரெண்டும் மோதினதாலதான் உரக்கடைக்குப் போகாம வேளாண்மை அலுவலர்கிட்ட இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். துத்தநாகம்தான். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டோட முடிஞ்சுது. ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தாலும் நம்பிட முடியாது, ரெண்டுமே ஒரே புத்தகத்தைப் படிச்சதா இருக்கலாம்.

அன்னாடம் கேள்வி கேட்க ஒண்ணு இருந்தா போதும்னு நானும் ஒத்துக்கிறேன். ரெண்டாவதுக்கு மாசச் செலவு உண்டு, அதையும் மறைக்கல. ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன ஒப்பந்தம் ஒரு வருஷமாக் குறையணும். பதிவு முழுசும் மாசாமாசம் எக்செல் ஷீட்டா நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து சேரணும். விலகுற அன்னிக்கு அவங்ககிட்ட இருக்கிறதை அழிச்சுட்டோம்னு எழுதித் தரணும். இதுக்கு ஒத்து வராத கம்பெனிக்கு என் சர்வே நம்பரைத் தர்றதா இல்ல, பங்குத்தொகையை வேணா திருப்பிக் கொடுத்துடுங்க.